சவள் ஊன்றிய இடம்: தமிழ்க் கடலறிவும் அதைத் தேடிய ஆய்வுகளும்

கல்முனையிலிருந்து மேற்கே போய் நற்பிட்டிமுனையைத் தாண்டினால் கிட்டங்கித் தாம்போதி. அதைக் கடந்தால் சவளக்கடை. சுற்றிலும் வயல். கடல் கண்ணுக்கும் எட்டாது, காதுக்கும் எட்டாது. மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றுபோகும் நாட்களில்தான் இது தண்ணீர் ஆண்ட பூமி என்ற நினைவு வரும். ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். சவள் என்பது தோணி வலிக்கும் துடுப்பு. கிட்டங்கி என்றால் பண்டகசாலை. பக்கத்துச் சம்மாந்துறையைச் சம்பான்கள் வந்தடைந்த ‘சம்பான் துறை’ என்றே ஊர் மரபு சொல்லும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி இது. துடுப்பு, பண்டகசாலை, துறை. மூன்று பெயரையும் சேர்த்து வாசித்தால் நெல்லும் சரக்கும் தோணியில் போய்வந்த ஒரு நீர்வழி தெரிகிறது. இதை நான் கல்வெட்டு வைத்துச் சொல்லவில்லை. ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இந்தக் கட்டுரை தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கடலோடிகளின் அறிவு எழுத்தில் தங்கியதைவிடச் சொல்லில் தங்கியதுதான் அதிகம்.

தமிழர் கடலறிவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கப்பலைப் பற்றியது, அதைவிடப் பெரும்பகுதி அரசர்களைப் பற்றியது. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின் மீது படை அனுப்பினான் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தக் கலங்களை ஓட்டியவன் வங்கக் கடலின் நடுவில் தான் நிற்கும் இடத்தை எப்படி அறிந்தான் என்று கேட்டால் ஆசிரியரும் திணறுவார். கலத்தைக் கட்டுவது ஓர் அறிவு. கரை தெரியாத இடத்தில் கரையைக் கண்டுபிடிப்பது வேறோர் அறிவு. இரண்டாவதைத்தான் நம் ஆய்வுகள் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கின்றன.

முதலில் வெளியார் எழுதிவைத்தவை. கி.பி. முதலாம் நூற்றாண்டின் ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ சோழக் கரையின் துறைகளைச் சொல்லி, மரங்களைப் பிணைத்துக் கட்டிய ‘சங்கர’ என்ற கலங்களையும், கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் போகும் ‘கொலந்தியா’ என்ற பெருங்கலங்களையும் பிரித்துக் காட்டுகிறது. கரையோரம் போகும் கலம் வேறு, நடுக்கடல் தாண்டும் கலம் வேறு என்பதை அறிந்த வணிகன் எழுதியது அது. அதே நூற்றாண்டில் உரோமின் பிளினி நம் தீவைப் பற்றி எழுதியது வேறு ரகம். இலங்கை மாலுமிகள் விண்மீன் பார்ப்பதில்லையாம். பறவைகளைக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டு, அவை போகும் திசையில் கரையைத் தேடுவார்களாம். பறவை விடுவது உண்மையாக இருக்கலாம். பல நாட்டுக் கடலோடிகளிடமும் இருந்த வழக்கம் அது. ஆனால் இங்கே சப்தரிஷி மண்டலமே தெரியாது என்றும் அவர் எழுதிவிட்டார். கல்முனைக் கடற்கரையில் சித்திரை மாத இரவில் வடக்கே நிமிர்ந்து பார்த்த எவருக்கும் சிரிப்பு வரும். கேள்விப்பட்டதை எழுதியவரை நம்பி ‘இலங்கையருக்கு வானறிவு இல்லை’ என்று முடிவு கட்டியவர்களும் இருந்தார்கள்.

கல்வெட்டுகள் இதைவிடப் பிடிமானமானவை, ஆனால் அவை பேசுவது சட்டமும் காசும். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கலம் உடைந்தால் என்ன செய்வது என்று சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலமானால் சரிபாதி. சிங்கள மன்னன் ஒருவன் கடல் வணிகருக்குத் தமிழில் சட்டம் எழுதியதே அந்தக் கடலில் எந்த மொழி புழங்கியது என்பதற்குச் சாட்சி. சுமாத்திராவின் பரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு, மரக்கல நாயன் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றிப் பேசுகிறது. 1409இல் சீனத் தளபதி செங் ஹோ பொறிப்பித்துக் காலிக்குக் கொண்டுவந்த கல்லில் சீனமும் பாரசீகமும் தமிழும் இருக்கின்றன. 1911இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மூன்று கல்லும் சேர்ந்து ஒரு கடல் உலகைக் காட்டுகின்றன. சுக்கான் பிடித்தவனின் கணக்கு மட்டும் எதிலும் இல்லை.

அந்தக் கணக்கு வந்து சேர்வது அறபு வழியாக. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஹ்மத் இப்னு மாஜித்தும், அவருக்குப் பின் சுலைமான் அல்-மஹ்ரியும் எழுதிய கடல்வழி நூல்கள் சோழக் கரையின் மாலுமிகளைச் ‘சூலியான்’ என்று குறிக்கின்றன. இந்த நூல்களில் அளவு விரல். அறபியில் ‘இஸ்பஃ’. கையை நீட்டி வடமீனுக்கும் அடிவானத்துக்கும் இடையில் எத்தனை விரல் என்று பார்ப்பது அடிப்படை. அதையே துல்லியமாக்க முடிச்சுப் போட்ட கயிற்றோடு ஒரு சிறு பலகை: கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் அடிவிளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பை மீனிலும் பொருத்தி, எந்த முடிச்சு என்று எண்ணுவார்கள். அறபியில் ‘கமால்’. தமிழ்க் கரையில் இது ‘இராப்பலகை’ என்று வழங்கியதாக மும்பையின் புவியியல் பேராசிரியர் பா. அருணாசலம் எழுதியிருக்கிறார்.

வட்டம் முழுவதும் 224 விரல். ஆகவே ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. வடக்கு நோக்கி எட்டு ‘ஸாம்’ ஓடினால் வடமீன் ஒரு விரல் உயரும் என்பது அந்த நூல்களின் சூத்திரம். ஒரு ஸாம் மூன்று மணி நேரம், நம் சாமம் போலவே. எட்டுச் சாமம் ஒரு முழு நாள். அதாவது ஒரு நாள் ஓட்டம், ஒரு விரல் உயரம். கல்முனை நிற்பது வட அகலாங்கு 7 பாகை 25 கலையில். வடமீன் இங்கே நாலரை விரல் உயரத்தில் தணிந்து கிடக்கும். நாகப்பட்டினத்தில் அது ஏறத்தாழ ஆறே முக்கால் விரல். இடையில் இரண்டு விரல் சொச்சம். நல்ல காற்றில் இரண்டு நாளைக்குச் சற்றுக் கூடிய ஓட்டம் என்று எழுத்தறியாதவனும் சொல்லிவிடலாம். ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். இன்று துருவத்தோடு ஒட்டி நிற்கும் வடமீன் இப்னு மாஜித்தின் காலத்தில் மூன்றரைப் பாகை விலகி அதைச் சுற்றிவந்தது. எந்த வேளையில் பார்க்க வேண்டும் என்ற கணக்கும் மாலுமிக்கு வேண்டியிருந்தது. தெற்கே போகப் போக வடமீன் புகைமூட்டத்தில் மறைந்துவிடும் என்பதால், அதன் அருகில் சுற்றும் ‘ஃபர்கதான்’ என்ற இரட்டை மீன்களை அளந்தார்கள். நம் அகலாங்கில் இது வீண் நுணுக்கம் இல்லை, அன்றாடத் தேவை.

ஐரோப்பியரிடம் அகலாங்கு இருந்தது, நெட்டாங்கு இல்லை. இங்கிலாந்தின் ஜோன் ஹரிசன் செய்த கடல் மணிக்கூடு 1761இல் ஜமேக்கா வரை போய்ச் சோதிக்கப்படும் வரை நடுக்கடலில் நெட்டாங்கு காண்பது உலகம் முழுவதுக்கும் தலைவலியாகவே இருந்தது. நம் கடலில் அது அவ்வளவு பெரிய குறையாகவும் இருக்கவில்லை. பருவக்காற்று கலத்தை எந்தக் கரைக்குத் தள்ளும் என்பது முன்பே தெரியும். விரல் கணக்கால் சரியான அகலாங்குக்கு வந்து, அதைப் பிடித்துக்கொண்டு கரை தெரியும் வரை ஓடினால் போதும்.

சொற்களின் போக்குவரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது எங்கள் ஊர்களுக்குள் வருகிறது. ‘மாலுமி’ என்ற தமிழ்ச் சொல் அறபியின் ‘முஅல்லிம்’. எங்கள் பிள்ளைகள் மதரசாவில் ஓதிக் கொடுப்பவரை முஅல்லிம் என்கிறார்கள். இப்னு மாஜித்துக்கு அது கப்பலுக்கு வழி காட்டுபவர். ‘சுக்கான்’ அறபு. நாம் கொடுத்ததும் உண்டு: ‘கட்டுமரம்’ ஆங்கிலத்துக்குப் போனது, ‘கப்பல்’ மலாய் மொழியில் ‘கப்பால்’ ஆனது. ‘மரக்கலம்’ இன்னும் விசித்திரமாகப் பயணம் செய்திருக்கிறது. சிங்களத்தில் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயரே ‘மரக்கல’. அந்த வேரைச் சேர்ந்ததாகவே கருதப்படும் ‘மரைக்கார்’ எங்கள் கிழக்குக் கரையில் கப்பலை விட்டு இறங்கிப் பள்ளிவாசலுக்குள் நுழைந்துவிட்டது. குடிவழியாகத் தெரிவாகி வந்த பள்ளி நம்பிக்கையாளருக்கு மரைக்கார் என்று பெயர். 1626இல் கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்கள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று சொல்லப்படுகிறது. கடலில் வணிகம் செய்தவர்கள் வயலுக்குள் இறங்கினார்கள். பட்டம் மட்டும் கூடவே வந்தது.

தமிழில் நேரடியான நூல் இல்லையா? இருக்கிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் ‘கப்பல் சாத்திரம்’ என்ற சுவடியை அச்சிட்டது. பின்னாளில் ‘நாவாய் சாத்திரம்’ வெளிவந்தது. எந்த மரம், எந்த நாள், ஏராக்கட்டை எப்படி இருந்தால் உடையவனுக்கு நன்மை என்பவற்றைப் பேசும் நூல்கள். மரத்தின் கணுவில் குறி பார்ப்பதை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள் அவசரக்காரர்கள். ஏராவில் கணு தப்பான இடத்தில் இருந்தால் கடலில் அது பிளக்கும் என்பது தச்சனின் அனுபவம். சாத்திரத்தின் மொழியில் அது சகுனமாகப் பேசுகிறது. ஆனால் இவையும் கட்டுபவனின் நூல்கள். ஓட்டுபவனின் நூல்களை இலட்சத்தீவு காப்பாற்றி வைத்திருக்கிறது: ‘ரஹ்மானி’ என்று அழைக்கப்படும் கடல்வழிக் குறிப்பேடுகள். அருணாசலமும் லோத்திகா வரதராஜனும் அத்தீவுகளுக்குப் போய்க் கலத்தையும் கணக்கையும் பதிவு செய்தார்கள். அருணாசலத்தின் ‘சோழர் கடல்வழிச் செலவு’ பற்றிய ஆங்கில நூல் 2004இல் வந்தது. தமிழ்க் கடலோடிகளின் விண்மீன் அறிவைச் சோழர் செலவுகளோடு இணைத்துப் பார்க்கும் முயற்சி அது. நரசய்யாவைப் போலக் கப்பலில் வேலை பார்த்தவர்கள் தமிழில் எழுதியபோது அந்த எழுத்தில் உப்பு இருந்தது.

படகுகளைப் பதிவு செய்தவர்களில் இன்னும் மிஞ்ச முடியாதவர் ஜேம்ஸ் ஹோர்னெல். 1902இல் மன்னார் முத்துக்குளிப்பை ஆராய இலங்கை வந்து, பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையில் நெடுங்காலம் இருந்தவர். 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றியும், 1943இல் இலங்கையின் மீன்பிடிப் படகுகளைப் பற்றியும் எழுதினார். அவருடைய அளவுகளும் படங்களும் பொன். நம் கரையின் படகுகளில் பொலினீசியத் தாக்கம் உண்டு என்று அவர் கட்டிய இனக் கோட்பாட்டை மட்டும் தள்ளிவைத்துப் படிக்க வேண்டும். அதே கண்டிப்பு நமக்கும் வேண்டும். கடலாமைகளின் பின்னால் போய்த் தமிழர் உலகைச் சுற்றினார்கள் என்ற கதை மேடைகளில் கைதட்டு வாங்குகிறது. ஆமை நீரோட்டத்தைப் பயன்படுத்துவது உண்மை, அதன் பின்னால் கலம் போனதற்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ தண்டையல் தம்பிப்பிள்ளையோடும் ஊர் ஆட்களோடும் சூயஸ் கால்வாய் வழியாக அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஓகஸ்ட் 1இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் பாய் இறக்கியதே, அதற்குச் சான்று இருக்கிறது. பாய்க்கப்பல் காலம் முடிந்துவிட்டது என்று உலகம் சொன்ன பிறகு நடந்தது அது. ஆமைக்கு இருக்கும் புகழ் அந்தத் தண்டையலுக்கு இல்லை.

கடலடித் தொல்லியலிலும் ஒரு செய்தி உண்டு. தெற்கே கொடவாயக் கடலில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான கலமொன்று கிடக்கிறது. கண்ணாடிக் கட்டிகளும் அம்மிக்கற்களும் ஏற்றி மூழ்கியது. இந்து சமுத்திரத்தில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையதாக அதைக் கருதுகிறார்கள். 2003இல் அதை முதலில் கண்டவர்கள் மீனவர்கள். கருவிகளோடு ஆய்வாளர்கள் வந்தது அதற்குப் பிறகு.

இனி எங்கள் கரை. திருக்கோணமலை போன்ற இயற்கைத் துறைமுகம் இங்கே இல்லை. நேரான மணற்கரை, அடிக்கும் அலை, இடையிடையே வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரங்கள், சாய்ந்தமருதுவில் இருப்பது போன்ற தோணாக்கள். இந்தக் கரையில் கடலறிவு என்றால் முதலில் காற்று. வாடை வந்தால் கடல் கொதிக்கும்; கார்த்திகை, மார்கழியில் தோணிகள் கரையில். மாசி பங்குனிக்குப் பிறகு கடல் தணிய, மேற்குக் கரையிலிருந்தும் மீனவர்கள் வந்து வாடி போடுவார்கள். வைகாசி ஆனியில் மலைப் பக்கமிருந்து வறண்டு வீசுவது கச்சான். கச்சான் என்றால் கடையில் விற்கும் நிலக்கடலை என்று மட்டும் அறிந்த தலைமுறை ஒன்று எங்களிடம் வளர்ந்துவிட்டது. சோழகம், கொண்டல் என்று மற்றக் காற்றுகளுக்கும் பெயர் உண்டு. ஒவ்வொன்றும் எந்த மீனைக் கரைக்குத் தள்ளும், எதை ஆழத்துக்கு விரட்டும் என்பது கரைவலைக்காரரின் பஞ்சாங்கம்.

அடுத்தது அடையாளம். கரைக்கு அப்பால் கடலடிப் பாரில் வலை போட்ட இடத்துக்கு மறுநாள் திரும்பிப் போவது எப்படி? கரையில் இரண்டு பொருட்களை ஒரே கோட்டில் வை; வேறு திசையில் இன்னும் இரண்டை வை; இரு கோடும் வெட்டும் இடம் உன் இடம். திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் இதற்குக் ‘கணிச்சம்’ என்று பெயர். அங்கே அதை எழுதி வைத்தவர்கள் உண்டு. எங்கள் கரையில் பள்ளி மினாராவும் கோயில் கோபுரமும் தென்னந்தோப்பும் உள்நாட்டு மலைகளும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆங்கிலேயர் கூட இதே மலைகளைக் கடலிலிருந்து பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். கோவிந்தஹெல ‘வெஸ்ட்மின்ஸ்டர் அபே’ ஆனது, குடும்பிமலை ‘பரன்ஸ் கப்’ ஆனது. தேவாலயம் போலவும் தொப்பி போலவும் அவை தெரிவது கப்பல் தளத்திலிருந்து. அவர்களுடைய பெயர்கள் வரைபடத்தில் ஏறின. அதே மலைகளைப் பார்த்து எங்கள் தண்டையல்மார் வைத்த கோடுகள் அவரவர் தலைக்குள் இருந்து அவரவரோடு மண்ணுக்குள் போகின்றன.

மூன்றாவது மணல். அலையோடு மணல் எந்தப் பக்கம் நடக்கிறது என்பதைக் கரைவலை இழுப்பவன் காலால் அறிவான். இந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே ஒரு கல்லணை போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை பசித்துத் தன்னையே தின்னும். ஒலுவிலில் நடந்தது இதுதான். மறைந்த அமைச்சர் அஷ்ரப்பின் கனவு அந்தத் துறைமுகம். அவர் காலத்தில் 1999இல் வெளிச்சவீடு எழுந்தது. துறைமுக வேலை 2008இல் தொடங்கி, டென்மார்க்கின் கடனுதவியில் முடிந்து, 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. பிறகு வாயில் மணல் மூடியது. படகுகள் உள்ளே போகவும் வரவும் முடியாமல் திண்டாடின. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகளும் நிலமும் கடலுக்குள் சரிந்தன. மணல் நகர்வை அளக்கும் கணிதம் பொறியியலில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வலைக்காரனின் காலுக்குத் தெரிந்தது திட்டத்தின் மேசைக்கு வந்து சேர வழியே இருக்கவில்லை. அப்படியொரு வழி இருந்திருந்தால் துறைமுகம் வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாய் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வாதாடியாவது இருப்பார்கள்.

கடலறிவுக்கு எல்லையும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நாட்டில் ஆகக் கூடிய இழப்பு எங்கள் கரைக்குத்தான். கடற்கோள் என்ற சொல் இலக்கியத்தில் இருந்தது, கரையில் இல்லை. 1978 நவம்பரின் சூறாவளியை நினைவில் வைத்திருந்த பெரியவர்களுக்கும் இந்த அலை புதிது. சுமாத்திராவுக்கு அருகில், நடுக்கத்தின் மையத்துக்குப் பக்கத்திலேயே இருந்த சிமலூ தீவில் மாண்டவர்கள் ஏழு பேர் மட்டும். 1907இல் வந்த அலையை அவர்கள் ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் பிள்ளைகளுக்குக் கடத்தியிருந்தார்கள்: நிலம் நடுங்கினால் மலைக்கு ஓடு. எங்களுக்கோ நிலம் நடுங்கியது தெரியாது. தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் வற்றியது. மேற்கே இருந்த நமக்கு முதலில் ஏறி வந்தது. ஆகவே சிமலூவின் சொல்லை அப்படியே கடன் வாங்கவும் முடியாது. நம் கரைக்கு நம் சொல் வேண்டும்.

நிறுவனங்களுக்குக் குறைவில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் ஒரு துறையே இருக்கிறது. இங்கே 1981இன் சட்டத்தால் வந்த நீர்வள ஆய்வு நிறுவனமான நாரா இருக்கிறது. 2014இன் சட்டத்தால் சமுத்திரப் பல்கலைக்கழகம் வந்தது. ஒலுவிலில் கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்கிறது. கடலியல், மாலுமிப் பயிற்சி, மீன்பிடித் தொழில்நுட்பம் எல்லாம் பாடமாகிவிட்டன. ஜிபிஎஸ் வந்த பிறகு ஆழ்கடல் படகில் மினாராவைக் கோடு வைத்துப் பார்க்க இளைஞனுக்குத் தேவையில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது அவன் உயிரைக் காக்கும் கருவி. ஆனால் அந்தக் கருவிக்குக் காற்றின் பெயர் தெரியாது, மணல் நடப்பதும் தெரியாது.

ஆகவே என் தீர்ப்பு இது: தமிழ்க் கடலறிவு ஆய்வு கப்பலில் தேறிவிட்டது, கல்வெட்டில் தேறிவிட்டது, காற்றிலும் மணலிலும் அடையாளக் கோட்டிலும் இன்னும் பள்ளிக்கூட வாசலில்தான் நிற்கிறது. பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை ஒவ்வொரு ஊரின் காற்றுப் பெயர்கள், மீன் பெயர்கள், வலை உறுப்புகள், பார்களின் பெயர்கள், கரையடையாளங்கள் ஆகியவற்றை ஒலிப்பதிவோடு தொகுக்கப் பெரிய பணம் வேண்டாம். வீட்டுப் பெட்டகங்களில் கிடக்கும் அறபுத்தமிழ் ஏடுகளைப் புரட்டும்போது மார்க்க விடயங்களோடு கடற்கணக்கும் இருக்கிறதா என்று ஒரு கண் வைத்தால் போதும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தமிழ், புவியியல், அறபு மாணவர்கள் மூவரும் ஒரே பாயில் உட்கார வேண்டிய வேலை இது.

காலமும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் வாடை எழும்பிய பிறகு கடலுக்குப் போக முடியாது. வயதானவர்கள் வாடியில் வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் கேள்வி சுலபமானது: “காக்கா, இந்தக் காத்துக்கு என்ன பேர்?”